இது யாருடைய கூந்தல்?

தலை வாரி முடித்ததும் சீப்பில் சிக்கிக்கொண்டிருக்கும் முடியை என்ன செய்கிறீர்கள்? விரலில் சுற்றி, சிறு உருண்டையாக்கி, வெளியே எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறீர்கள். சாதத்தில் ஒரே ஒரு முடி கிடந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். சவுரி கட்டுவதற்காக உதிர்ந்த முடியைத் துணிப்பையில் சேர்த்து வைத்த பாட்டிமார்களின் காலமும் போய்விட்டது. தலையில் இருக்கிற வரைக்கும்தான் அது கூந்தல், அப்புறம் குப்பை.

ஆனால் இங்கிலாந்தில், விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், ஒரு கற்றைத் தலைமுடியைத் தங்கத்தில் பதித்து, மேலே கண்ணாடி மூடி, மார்பில் அணிந்துகொண்டு விருந்துக்கும் சர்ச்சுக்கும் போய் வந்தார்கள். உயிரோடிருப்பவர்களின் முடி மட்டுமல்ல. இறந்து போனவர்களின் முடியும்!

முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, அப்புறமும் சுளிக்க வேண்டுமென்று தோன்றினால் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள்.

வட இங்கிலாந்தில் ஹாவொர்த் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பாதிரியார் வீட்டில் மூன்று சகோதரிகள் வளர்ந்தார்கள். சார்லட், எமிலி, ஆன். 'ஜேன் அயர்' என்ற நாவலைக் கல்லூரியில் படித்த பெண்கள் பலர் இருப்பீர்கள். அதை எழுதியவள் மூத்தவளான சார்லட். 'வுதரிங் ஹைட்ஸ்' எமிலி எழுதியது. இரண்டும் 1847-ஆம் வருஷத்தில் வெளிவந்தன. மறு வருஷம் செப்டம்பரில் அவர்களுடைய ஒரே சகோதரன் இறந்தான். டிசம்பரில் எமிலி போனாள். 1849-ஆம் வருஷம் மே மாதத்தில் ஆன் போனாள். எட்டே மாதங்களில் மூன்று சாவு! சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிய வீட்டில் வயதான தகப்பனாரும் சார்லட்டும்தான் மிச்சம்.

அந்த வீடு இன்று ஒரு மியூஸியம். அங்கே ஒரு கைக்காப்பு இருக்கிறது. ஊதா நிறச் செவ்வந்திக்கல் பதித்தது. ஆனால் கல்லைக் கோத்திருப்பது தங்கச் சங்கிலியில் அல்ல. எமிலியின் கூந்தலையும் ஆனின் கூந்தலையும் சேர்த்துப் பின்னிய பின்னலில்! தங்கைகளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட அக்காமார்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சார்லட்டின் கூந்தலும் பின்னால் ஒரு மோதிரத்துக்குள் போயிற்று. அவள் 1855-ஆம் வருஷம் மார்ச் மாதம் இறந்தாள். பிற்காலத்தில் ஒரு வீட்டுப் பரணில், பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் ஒரு மோதிரம் அகப்பட்டது. உட்புறத்தில் சார்லட்டின் பெயரும் இறந்த தேதியும் பொறித்திருந்தன. சிறு கீலைத் திறந்தால் உள்ளே மெல்லிய முடிப் பின்னல். பழம் பொருள்களை மதிப்பிடும் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டு போனார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட மோதிரம் 25 பவுண்டு பெறும், இதுவோ 20,000 பவுண்டு பெறும் என்றார் நிபுணர். கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கத்துக்கும் வேலைக்கும் முடிக்கும் சேர்த்து 25. பாக்கி 19,975 பவுண்டும் அந்த முடி யாருடையது என்பதற்கு!

இந்த ஒரு கேள்விதான் இந்த நகைகளின் உயிர். யாருடைய கூந்தல்? வைரம் என்றால் உரசிப் பார்க்கலாம், தங்கம் என்றால் மாற்றுப் பார்க்கலாம். முடியை என்ன செய்வது?

மோதிரம் வாங்க உயில்

துக்க நகை விக்டோரியாவின் காலத்துக்கும் முந்தியது. 1616-ல் ஷேக்ஸ்பியர் எழுதி வைத்த உயிலில், கூட நடித்த மூன்று நண்பர்களுக்கு ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுப் போயிருக்கிறார். எதற்கு? தம் நினைவாக மோதிரம் வாங்கி அணிந்துகொள்வதற்கு. 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னனின் தலையை வெட்டினார்கள் அல்லவா? அதற்குப் பின் அவன் கட்சிக்காரர்கள் முடித் துணுக்கின் மேல் தங்கக் கம்பியால் எழுத்து அமைத்து, பட்டை தீட்டிய ஸ்படிகத்தால் மூடி, மோதிரமாகவும் பதக்கமாகவும் அணிந்தார்கள். செயின்ட் ஹெலினா தீவில் 1821-ல் கண்மூடிய நெப்போலியன் இன்னும் ஒரு படி மேலே போனான். தன் முடியைப் பின்னித் தங்கக் கொக்கி போட்டு, கைக்காப்பாக்கி, மனைவிக்கும் தாயாருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவிட்டான். ஐரோப்பாவையே ஆட்டி வைத்தவனுக்குக் கடைசியில் பங்கிட்டுக் கொடுக்க மிஞ்சியது தலைமுடி!

1861-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் காலமானார். மகாராணிக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு, ஒன்பது குழந்தைகள். அன்று உடுத்திய கறுப்பு உடையை 1901-ல் தாம் இறக்கும் வரையில் அவர் மாற்றவில்லை. கணவரின் முடி வைத்த லாக்கெட்டுகள் அவர் கழுத்தில் தொங்கின. (அந்த அம்மாள் எதையுமே விட்டுக் கொடுக்காதவர். மூத்த மகளுக்கு விழுந்த பால் பல்லைக்கூட, பூப் போல ஒரு புரூச்சில் பதித்து அணிந்தவர். நாம் கூரை மேல் எறிந்து, வேறு பல் கொடு என்று கேட்கிறோம்!) மகாராணி செய்ததைச் சீமாட்டிகள் செய்தார்கள், சீமாட்டிகள் செய்ததைக் கடைக்காரரின் மனைவியும் செய்தாள். யார்க்‌ஷயரில் விட்பி என்ற கடற்கரை ஊரில் 'ஜெட்' கிடைக்கும். பழங்காலத்து மரம் மண்ணில் புதைந்து இறுகிக் கறுத்துப் போனது அது. அதைச் செதுக்கி நகை செய்யும் வேலை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டது. ஜெட் வாங்கக் காசில்லாதவர்கள் அதைப் போலவே செய்த கறுப்புக் கண்ணாடி மணிகளை அணிந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். அங்கே கணவனை இழந்தவளுக்கும் விதிகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் கறுப்புடை; முதல் வருஷம் பளபளக்கும் எதையும் அணியக் கூடாது. ஆனால் அவளுக்கென்று தனியாக ஒரு நகை செய்தார்கள். இங்கே நம் பாட்டிமார்களுக்கு என்ன செய்தோம் என்பதை நான் எழுத வேண்டாம். இருந்ததையெல்லாம் கழற்றினோம். அவரை நினைத்துக்கொள்ள இதை வைத்துக்கொள் என்று ஒரு மணியாவது கையில் கொடுத்தோமா?

பின்னும் விதம்

கூந்தலை நகையாக்குவது எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு விதம். முதல் விதம், தட்டையான வேலை. முடியைச் சோடா கலந்த நீரில் அலசி எண்ணெய்ப் பசை போக்கி, பசை தடவிய மெல்லிய காகிதத்தின் மேல் பட்டுப் போல் பரப்பி ஒட்டுவார்கள். காய்ந்ததும் இலை, பூ என்று சிறு கத்தரியால் வெட்டி, ஒரு படமாக அடுக்குவார்கள். கல்லறையின் மேல் கவிழ்ந்து அழும் மரம் என்றால் அவர்களுக்கு உயிர். சில சித்திரக்காரர்கள் முடியைத் தூளாக நறுக்கி வர்ணத்தில் குழைத்துப் படமே எழுதிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தைத் தங்கத் தகட்டால் இறுக்கினால் உள்ளே காற்றும் ஈரமும் புகாது; பூச்சி அரிக்காது. நூற்றைம்பது வருஷத்து முடி இன்றும் பொன் நிறமாகவே இருப்பது இப்படித்தான். (உங்களில் யாரிடமாவது இப்படி ஒரு பழைய லாக்கெட் இருந்தால், தயவு செய்து சோப்பு நீரில் போட்டு விடாதீர்கள். ஓரத்தில் நீர் புகுந்தால் போயிற்று.)

இரண்டாவது விதம் பின்னல். இது நம்மவர்களுக்கு எளிதில் புரியும். நடுவில் துளையிட்ட வட்ட மேஜை. முடியைப் பத்து இருபது இழையாக எண்ணித் திரித் திரியாகப் பிரித்து, ஒவ்வொரு திரியின் நுனியிலும் ஈயக் குண்டு கட்டி, மேஜையைச் சுற்றித் தொங்கவிடுவார்கள். குண்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றிப் போட, நடுத் துளையில் நிற்கும் கம்பியைச் சுற்றிப் பின்னல் வளரும். கோலாட்டப் பின்னல் பார்த்திருக்கிறீர்களே, அதே வித்தைதான். ஆட்களுக்குப் பதில் ஈயக் குண்டு. பின்னி முடித்ததைக் கம்பியோடு கொதிநீரில் வேகவைத்து உலர்த்தினால் வடிவம் அப்படியே நின்றுவிடும். கம்பியை உருவிவிட்டால், உள்ளே ஒன்றுமில்லாத வலைக் குழல்! தொட்டால் பஞ்சு, இழுத்தால் ஸ்பிரிங். அதற்குத் தட்டான் தங்கப் பூண் போட்டால் கைக்காப்பு, காதணி, கடிகாரச் சங்கிலி எது வேண்டுமானாலும் தயார்.

ஸ்வீடன் தேசத்தில் டாலர்னா மாகாணத்தில் வோம்ஹூஸ் என்று ஒரு கிராமம். நிலம் போதாத ஊர். 1830-களிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் இந்தப் பின்னலைக் கற்றுக்கொண்டு, தங்கள் ஊர் உடையிலேயே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பிரயாணம் புறப்பட்டார்கள். ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று போய், முடிப் பின்னல் செய்து, பணத்தை ஊருக்கு அனுப்பினார்கள். குடியானவப் பெண்கள், பாஷை தெரியாத தேசத்தில்! அந்த ஊரில் இன்றும் இந்தக் கலை அழியவில்லை.

மாற்றிவிட்டால்?

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து 'கோடீஸ் லேடீஸ் புக்' என்று ஒரு பெண்கள் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கதை, தையல், சமையல், உடை மாதிரி எல்லாம் உண்டு. நாற்பது வருஷம் அதன் ஆசிரியையாக இருந்தவர் சாரா ஜோஸஃபா ஹேல். நம் குழந்தைகள் கான்வென்டில் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டை, மேரியும் அவள் ஆட்டுக்குட்டியும் வருமே, அதை எழுதியவர் இவர்தான். 1822-ல் கணவர் இறந்த பிறகு ஆயுள் முழுவதும் கறுப்பு அணிந்தவர். அந்தப் பத்திரிகை ஒரு வேலை செய்தது. வாசகிகள் முடியைத் தபாலில் அனுப்பிப் பணமும் கட்டினால், நகையாகச் செய்வித்துத் திருப்பி அனுப்பும். (நமது பத்திரிகையும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். மானேஜர் மயங்கி விழுந்துவிடுவார்.)

தபாலில் போன முடிதான் திரும்பி வந்ததா? இதுதான் பெண்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மாற்றுவதற்குக் காரணமும் இருந்தது. காய்ச்சலில் கிடந்த குழந்தையின் முடி பூனை ரோமம் போல் இருக்கும்; பின்னினால் அறுந்து போகும். கற்றை சிறியதாக இருந்தால் ஒரு காப்புக்குப் போதாது. பட்டறையிலோ ஒரே நிறத்தில் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்கிய முடி இருக்கும். தடித்த பின்னலுக்குக் குதிரை மயிரும் இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்? கண்ணீரோடு மகளின் முடியை அனுப்பிய தாய், முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் முடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கக் கூடும். அவளுக்குத் தெரியவே தெரியாது.

இந்தச் சந்தேகத்திலிருந்து ஒரு புஸ்தகமே பிறந்தது. 1867-ல் மார்க் காம்ப்பெல் என்பவர் முடி வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஒரு கையேடு வெளியிட்டார். அதை வாங்குவதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணம், செலவு மிச்சம் என்பதல்ல. உங்கள் கையால் பின்னினால், அது உங்களவருடைய முடிதான் என்ற நிச்சயம் உங்களுக்கு இருக்கும் என்பதுதான். நம் வீடுகளில் பத்தரைத் திண்ணைக்கு வரவழைத்து, உமித் தணலில் தங்கம் உருகுவதிலிருந்து நகை முடிகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்த பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பொன் மேல் கண். இவளுக்கு அதைவிடப் பெரிய பயம். பொன்னில் குறைந்தால் திரும்ப வாங்கலாம்.

சங்கீத மேதை பேத்தோவனின் தலைமுடிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1827-ஆம் வருஷம் மார்ச் மாதம் அவர் வியன்னாவில் இறந்தார். அவர் உடலிலிருந்து ஹில்லர் என்ற பதினைந்து வயதுப் பையன் வெட்டி எடுத்ததாகச் சொல்லப்பட்ட முடிக் கற்றை ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் காப்பாற்றப்பட்டு வந்தது. அவர் வயதானபின் மகனுக்குப் பிறந்த நாள் பரிசாகக் கொடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல், நாஜிகளுக்குத் தப்பி ஓடிய யூதர்களிடமிருந்து டென்மார்க்கில் ஒரு டாக்டர் கைக்கு அது வந்தது. 1994-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்து அமெரிக்கா போயிற்று. அதைப் பற்றிப் புஸ்தகம் எழுதினார்கள். அதில் காரீயம் இருப்பதைக் கண்டு பேத்தோவனின் வியாதியைப் பற்றி முடிவு கட்டினார்கள். 2023-ல் விஞ்ஞானிகள் அதன் மரபணுவைச் சோதித்தார்கள். அது ஒரு பெண்ணின் முடி! (அசல் முடியிலும் காரீயம் மிகுதிதான் என்று 2024-ல் தெரியவந்தது, அது வேறு கதை.) எங்கே, எப்போது, யார் மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை கைகளும் பொய் என்று தெரியாமலே பொக்கிஷமாகக் காத்திருக்கின்றன.

அந்தச் சோதனைக்கு எட்டுக் கற்றைகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து உண்மை என்று தேறின. தேறியவற்றில் ஒன்றின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. ஹாம் என்ற பியானோக்காரரின் மனைவிக்குப் பேத்தோவனின் முடி வேண்டுமென்று ஆசை. கேட்டனுப்பினார்கள், வந்தது. சில நாளில், அது ஆட்டுத் தாடி மயிர் என்று செய்தி எட்டியது! யாரோ செய்த குறும்பு. அந்த அம்மாளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? விஷயம் பேத்தோவனின் காதுக்குப் போயிற்று. 1826-ல் ஹாம் வேறு ஒரு காரியமாக அவரைப் பார்க்கப் போனபோது, அந்தச் சிடுமூஞ்சி மனிதர் தம் தலையிலிருந்து ஒரு கற்றை வெட்டிக் காகிதத்தில் சுற்றி, இது என் முடிதான் என்று சொல்லிக் கையில் கொடுத்தாராம். உயிரோடிருந்தவர் கொடுத்தது. இருநூறு வருஷம் கழித்து விஞ்ஞானம் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறது.

கண்ணாடிக்குள் சாம்பல்

போட்டோ வந்தது, முடி நகைக்கு மவுசு குறைந்தது. முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கில் பிள்ளைகள் மாண்டு, பலருடைய உடல்கூட வீடு வந்து சேராதபோது, துக்கத்துக்கென்று இருந்த உடையும் நகையும் விதிகளும் தாமே கழன்று விழுந்தன. அழகிய பின்னல்களெல்லாம் பரணுக்குப் போயின. 1956-ல் அமெரிக்காவில் லைலா கோஹூன் என்ற சிகை அலங்காரக்காரி, ஈஸ்டர் பண்டிகைக்கு ஜோடு வாங்கக் கடைவீதிக்குப் போனாள். பழைய சாமான் கடையில் முடியால் செய்த மலர் வளையம் ஒன்று பொன் சட்டத்துக்குள் இருந்தது. ஜோட்டை மறந்துவிட்டு அதை வாங்கி வந்தாள். அதிலிருந்து சேர்த்துச் சேர்த்து ஒரு மியூஸியமே வைத்தாள். 2024-ல் அவள் இறந்த பிறகு, 2025-ல் அதை மூடி, இருந்ததையெல்லாம் வேறு மியூஸியங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதற்குள் மேல்நாட்டில் வேறொரு மாறுதல் நடந்திருந்தது. விக்டோரியா காலத்தில் பிணத்தைப் புதைப்பதுதான் வழக்கம். வைத்துக்கொள்ள முடியைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. இங்கிலாந்தில் வோக்கிங் என்ற இடத்தில் 1885-ல்தான் முதல் சட்டபூர்வமான தகனம் நடந்தது. அந்த வருஷம் முழுவதும் மூன்றே பேர். இன்று அங்கே இறப்பவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்குத் தகனம்தான். சாம்பல் டப்பாவில் வீட்டுக்கு வருகிறது. வந்தபின் என்ன செய்வது? தோட்டத்தில் தூவலாம், அலமாரியில் வைக்கலாம். அதில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி மணிக்குள் வைத்துக் கழுத்தில் அணிவது இப்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியிருக்கும் வழக்கம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். முடியை உருகிய கண்ணாடிக்குள் வைக்க முடியாது. கண்ணாடி உருகும் சூட்டில் அது கருகிக் காற்றோடு போய்விடும். ஆகையால்தான் அந்தக் காலத்தில் குளிர்ந்த கண்ணாடியால் மூடினார்கள். இந்தக் காலத்தில் முடி வேண்டுமென்பவர்களுக்குச் சூடில்லாமல் இறுகும் ரெஸின் என்ற பிசினுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். சாம்பல் அப்படியல்ல. சாம்பல் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது எலும்புதான். எலும்பு பொறுக்குதல் என்றே நம் ஊரில் சொல்கிறோம் அல்லவா? மேல்நாட்டில் அதை இயந்திரத்தில் அரைத்துப் பொடியாகத் தருகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோ இருக்கும். எலும்புச் சுண்ணம் உருக 1,600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; கண்ணாடி 1,000 டிகிரிக்குள்ளேயே தேன் போல் இளகிவிடும். ஆகவே உருகும் கண்ணாடிக்குள் எலும்புப் பொடி உருகாமல், வெள்ளை மாறாமல், வைத்தது வைத்தபடி நிற்கும். நெருப்புக்குக் கொடுத்தாகிவிட்டதல்லவா, மறுபடி நெருப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. (எலும்புச் சாம்பல் சேர்ந்த பாண்டம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 'போன் சைனா' தேநீர்க் கோப்பையில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல். சைவக் குடும்பங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

வேலை நடக்கும் விதம் இது. மேஜையில் ஆக்ஸிஜனும் எரிவாயுவும் கலந்து சீறும் விளக்கு. பென்சில் தடிமனுள்ள கண்ணாடிக் கோலை அதில் காட்டி, நுனி இளகியதும் ஓர் இரும்புக் கம்பியில் சுற்றுகிறார்கள். ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். சிவக்கச் சூடாயிருக்கும் மணியைத் தட்டில் தூவிய சாம்பலின் மேல் உருட்டினால் பொடி ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தெளிந்த கண்ணாடியை மீண்டும் சுற்றி மூடுகிறார்கள். பொடியிலிருந்து கிளம்பும் காற்று வெளியேற வழியில்லாமல் முத்து முத்தாகக் குமிழியிட்டு நின்றுவிடுகிறது. அடியில் கருநீலக் கண்ணாடி போட்டிருந்தால், அமாவாசை வானம் போலத் தோன்றும்.

எவ்வளவு சாம்பல் வேண்டும்? ஒரு தேக்கரண்டி கொடுத்தால் மிச்சம் திரும்பி வரும். நிறையப் போடுங்கள் என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. போட்டால் கண்ணாடி பிடிக்காது. இரண்டும் சூட்டில் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை, ஆறும்போது விரிசல் விட்டுவிடும். ஒழுங்காகச் செய்த மணியைக்கூட வெளியில் வைத்து ஆற விடுவதில்லை. 500 டிகிரிச் சூட்டிலுள்ள சூளைக்குள் வைத்து, மணிக்கணக்கில் மெள்ள மெள்ளக் குறைத்து ஆற்றுகிறார்கள். அவசரப்பட்டால் மறுநாளோ மறு வருஷமோ கழுத்திலேயே பிளந்துபோகும்.

பழைய கேள்வி இங்கேயும் கூடவே வருகிறது. முன்னைவிடக் கடுமையாக வருகிறது. முடியையாவது சோதித்துப் பார்க்கலாம். தகனத்தின் சூட்டில் மரபணு அழிந்துவிடுவதால், சாம்பலைச் சோதித்தால் இது எலும்பு என்று சொல்லலாமே தவிர, இன்னாருடைய எலும்பு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 2002-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தகன நிலையத்தைச் சோதனை போட்டார்கள். எரிக்காமல் அப்படியே போட்டுவைத்த 334 உடல்கள் அகப்பட்டன! அந்தக் குடும்பங்களில் பலருக்கு அஸ்தி என்று கொடுத்திருந்தது சிமெண்டுத் தூள். அதை அலமாரியில் வைத்து விளக்கேற்றியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். தகனத்தின்போது உடலோடு கூடவே நம்பர் பொறித்த எஃகு வில்லை ஒன்றை அனுப்பும் நிலையங்கள் அங்கே உண்டு. அது சாம்பலோடு திரும்பி வந்ததா என்று பார்க்கிறார்கள். மணி செய்பவரிடம், ஒரு வேளைக்கு ஒருவருடைய சாம்பலைத்தான் எடுப்பீர்களா, தட்டையும் கருவிகளையும் நடுவில் துடைப்பீர்களா, மிச்சத்தை எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல பட்டறைக்காரர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்வதில்லை. கொடுத்ததை எல்லாம் ஒரேயடியாகக் கொடுத்துவிடாமல் பாதியை வீட்டில் வைத்துக்கொள்வதும் உண்டு.

நம் வழக்கம் வேறு. கரைப்பதுதான் நமக்குக் கடன். காவிரியிலோ கடலிலோ விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகிறவர்கள் நாம். வீட்டில் ஒரு துளி தங்கினாலும் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அம்மாவின் தோட்டை, அழித்துச் செய்யாமல் அப்படியே போட்டுக்கொண்டு, யாராவது கேட்டால் 'அம்மாவுடையது' என்று காதைத் தொட்டுக் காட்டும் பெண்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள்.

சில பட்டறைகளில் வீட்டாரையே கூட உட்கார அனுமதிக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்துக் கண்ணுக்கு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். விளக்கு சீறுகிறது, கோல் இளகுகிறது. அந்த நேரம் வந்ததும் கரண்டியை அந்த அம்மாளிடமே கொடுத்துவிடுகிறார்கள். அவள் கையாலேயே தட்டில் தூவுகிறாள். கொஞ்சம்தான், உப்புப் போடுகிற மாதிரி. மணியைச் சூளையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாளைக் காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.